புகைப்புரைக்குக் கிடைத்த முதல் இடம்

திருப்புறத்துக்காரன் அஜேஷ் என்ன வேலை பார்க்கிறான் என்பது அவன் ஊரில் யாருக்கும் சரியாகப் பிடிபட்டதில்லை. புகையை அளக்கிற வேலை என்று ஒருமுறை சொல்லிவைத்தான். அன்று முதல் பழைய ஸ்கூட்டர்களை அவன் வீட்டு முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து, "அஜேஷே, பொல்யூஷன் சர்ட்டிபிக்கேட்டு ஒண்ணு வேணும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தப் புகை இல்லை, பெரிய புகை என்று விளக்குவான். கேட்டவர்கள் ஸ்கூட்டரைத் திருப்பி உருட்டிக்கொண்டு போவார்கள்.

பெரிய புகை என்றால் நிஜமாகவே பெரிய புகைதான். நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிற அனல்மின் நிலையங்களில் எது சுற்றுச்சூழலைக் கொஞ்சமாகக் கெடுக்கிறது, எது கூடுதலாகக் கெடுக்கிறது என்று வருஷாவருஷம் வரிசைப்படுத்தித் தருகிற ஒரு கன்சல்டன்சியில் அவனுக்கு வேலை. திருவனந்தபுரத்தில் ஒரு மூன்றாம் மாடியில், ஏசி போட்ட அறையில், திரைச்சீலைக்குப் பின்னால் நாற்காலி. இத்தனை டன் கரியும் இத்தனை தண்ணீரும் உள்ளே போனது, இத்தனை யூனிட் மின்சாரமும் இத்தனை சாம்பலும் இத்தனை புகையும் வெளியே வந்தது என்று நாட்டின் நாற்பது நிலையங்களிலிருந்து எண்கள் வரும். அதைப் பிசைந்து உருட்டி, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்து, பச்சை அட்டை போட்ட அறிக்கையாக அனுப்பிவைப்பான்.

கேரளத்தில் நிலக்கரி அனல்மின் நிலையம் கிடையாது. ஆகவே நிலக்கரியைப் பற்றி ஆராய இதைவிட அமைதியான இடம் கிடைக்காது. அஜேஷ் தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை அப்படியொரு நிலையத்தைப் பார்த்திருக்கிறான், திருச்செந்தூருக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக. தூரத்தில் இரண்டு புகைபோக்கிகள் தெரிந்தன. நன்றாகப் பார்ப்பதற்குள் முன் சீட்டு அம்மாள் வெயில் அடிக்கிறதென்று ஷட்டரை இறக்கிவிட்டாள். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் அவன் பத்தாவது அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தான்.

அவன் பயன்படுத்துகிற கணக்கு மிகவும் மரியாதையான கணக்கு. யாருடைய மனதையும் நோகடிக்காது. ஒவ்வொரு நிலையமும் தனக்கு எது நன்றாக வருகிறதோ அதற்குக் கூடுதல் மதிப்பு போட்டுக்கொள்ளலாம். சாம்பல் குறைவாகக் கொட்டுகிறவர் சாம்பலைப் பெரிதாகக் காட்டிக்கொண்டு, ஆற்றுத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்த விஷயத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் இருக்கலாம். கணக்கில் தோற்று இந்தியில் மட்டும் நல்ல மார்க் வாங்கிய பையன், இந்தியை மட்டும் வைத்து ரேங்க் போடச் சொல்கிற மாதிரி. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட முறை இது. அதை நியாயமாகக் கையாளுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் அந்த மூன்றாம் மாடிக்கு வரவில்லை.

ஏதாவது ஒரு அளவு வந்துசேரவில்லை என்றால் என்ன செய்வது? அதற்குக் கம்பெனியின் டைரக்டர் ஜெயசிங் ஒரு விதி வைத்திருந்தார். கிடைக்காத அளவுக்கு சைபர் போடு. "இல்லாத ஒண்ண நாம எப்பிடி உண்டுன்னு சொல்ல முடியும்? அது நேர்மை இல்லல்லா" என்பார். நேர்மையில் அவருக்கு அவ்வளவு பிடிவாதம். அறிக்கையின் அட்டையையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும்தான் அவர் வாசிப்பார்.

இப்படி நாட்டின் புகையையெல்லாம் அளந்து கரைகண்ட அஜேஷின் வீட்டுக்குப் பின்னால், அடுக்களைச் சுவரை ஒட்டி, ஒரு புகைப்புரை இருந்தது.

ரப்பர் வைத்திருக்கிற வீடுகளில் அது புதிய விஷயமல்ல. மரத்திலிருந்து எடுத்த பாலை டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் விட்டு உறையவைத்து, மெஷினில் கொடுத்துத் தகடாக்கினால் ஷீட். வெயில் காலத்தில் ஷீட்டைக் கொடியில் போட்டுக் காயவைக்கலாம். மழைக்காலத்தில் புகைப்புரைக்குள் தொங்கவிட்டு, கீழே தொண்டு என்கிற தேங்காய் மட்டையையும் விறகையும் மூட்டி, புகை போட்டுத்தான் எடுக்கவேண்டும். அஜேஷின் அப்பா பொன்னப்பன் ஓடு போட்டுக் கட்டிய புரை அது. ஷீட் அடித்து, புகைப்புரைக்குள் புகுந்து, தொங்கவிட்டு, திருப்பிப் போட்டு, தீ அணையாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அஜேஷின் மனைவி சுமி. அக்கம்பக்கத்துக்காரர்களும் மழை வந்தால் தங்கள் ஷீட்டைக் கொண்டுவந்து, "இதையும் ஒண்ணு போட்டுக்க பிள்ளே" என்று விட்டுவிட்டுப் போவார்கள். அஜேஷ் காலையில் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் இருப்பான். புகைக்கும் அவனுக்கும் உள்ள உறவு அலுவல் ரீதியானது.

சுமிக்கு இரண்டு வருஷமாக இருமல். முதலில் ஜலதோஷம் என்றார்கள், பிறகு அலர்ஜி என்றார்கள். இந்தச் சித்திரையில் நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டர் அவள் மூச்சைக் குழாய் வைத்து ஊதச்சொல்லிப் பார்த்துவிட்டு, கையில் ஒரு இன்ஹேலரைக் கொடுத்து, மலையாளத்தில் தெளிவாகச் சொன்னார். புகைக்குள் போகக்கூடாது. இன்னொரு மழைக்காலம் அந்தப் புரைக்குள் நின்றால், போன மூச்சு திரும்ப வராது.

அன்று பஸ்ஸில் வரும்போது சுமி கேட்டாள், "எடவப்பாதி மழை வாறதுக்கு முன்னாடி அந்தப் புரையை இடிச்சிரலாமா? பாலை அப்பிடியே கேன்ல ஊத்திக் கொடுக்கலாம். எல்லாரும் இப்போ அப்பிடித்தான் செய்யுதாவ."

"பாக்கலாம். அப்பா கட்டினது இல்லியா. அவிய மனசு வருத்தப்படும்" என்றான் அஜேஷ்.

அப்பாவின் மனம் வருத்தப்படுமா என்று சுமி அன்று மாலையே அப்பாவிடம் கேட்டுவிட்டாள். முற்றத்தில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்த பொன்னப்பன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு என்னத்துக்கு வருத்தம்? நான் முந்தியே சொல்லணும்னு நினைச்சதாக்கும். எனக்கு முட்டு வலிக்கு, குந்த முடியல்ல. இடிச்சா அந்த இடத்துல நாற்காலி மாதிரி இருக்கப்பட்ட ஒரு கக்கூஸ் கெட்டலாம்."

அஜேஷுக்குக் கைவசம் இருந்த ஒரே சாக்கு இப்படிக் கக்கூஸில் போய் முடிந்தது. உண்மையில் அவனுக்கு அந்தப் புரைமேல் ஒரு பெருமை இருந்தது. பொன்னப்பன் வீட்டு ஷீட் என்றால் கடைக்காரர் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமலே எடுப்பார். தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும். கேனில் பாலை ஊற்றிக் கொடுத்தால் ஊரார் பாலோடு கலந்துவிடும், யார் வீட்டுப் பால் என்று யாருக்குத் தெரியும்? இதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே படித்தவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தான். ஆராய்ந்து பார்க்கிறேன் என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட்ட தெம்பில் லேப்டாப்பைத் திறந்து, அறிக்கைப் பட்டியலில் நாற்பது அனல்மின் நிலையங்களுக்குக் கீழே நாற்பத்தோராவதாக ஒரு வரி சேர்த்தான். பெயர்: திருப்புறம் யூனிட்.

நிலக்கரி? சைபர். தொண்டு நிலக்கரி இல்லை. தண்ணீர்? சைபர். மழையில் நனைவது கணக்கில் வராது. சாம்பல்? சைபர், தென்னை மூட்டுக்கு உரமாகப் போய்விடுகிறது. புகை? இங்கே அஜேஷ் சற்று யோசித்தான். புகைப்புரையின் புகையை இதுவரை யாரும் அளந்ததில்லை. அளவு கிடைக்கவில்லை. ஆகவே கம்பெனி விதிப்படி, முழு நேர்மையோடு, சைபர். மின்சாரம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று பார்த்து, ஷீட்டை உலர்த்துகிற சூட்டை யூனிட்டாக மாற்றி ஒரு எண்ணைப் போட்டான். தட்டினான். நாட்டிலேயே எந்த நிலையத்துக்கும் கிடைக்காத மதிப்பெண் வந்தது. நாற்பதும் கீழே இறங்கி நின்றன, திருப்புறம் மேலே ஏறி உட்கார்ந்தது.

"சுமீ, இங்க வா. கணக்குப்படி நம்மக்க புகைப்புரைதான் ஃபஸ்ட்" என்றான்.

சுமி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். பச்சை நிறத்தில் ஒரு கோடு மற்ற எல்லாக் கோடுகளுக்கும் மேலே நின்றது.

"இதுல எனக்க இருமல் எங்க கிடக்கு?"

"அது இதுல வராது. இது சுற்றுச்சூழல் கணக்கு."

"நான் சுற்றுச்சூழல்ல சேரமாட்டேனா?" என்று கேட்டாள். அஜேஷ் அதற்கும் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தான். சுமி அதற்குள் அடுக்களைக்குப் போய்விட்டாள். வாதத்தில் ஜெயித்த திருப்தியோடு அவன் லேப்டாப்பை மூடிவைத்து, கொஞ்சம் கண்ணயர்ந்தான். சேர்த்த வரியை எடுக்க மறந்துபோனான்.

அறிக்கை திங்கட்கிழமை போனது. ஜெயசிங் அட்டையைப் பார்த்தார், இலை படம் நன்றாக இருந்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், அவர் பெயர் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பத்திரிகையில் சின்னச் செய்தியாக வந்தது. அனல்மின் நிலையங்களின் சுற்றுச்சூழல் செயல்திறனில் திருப்புறம் யூனிட் முதலிடம். திருப்புறத்தில் அனல்மின் நிலையம் எங்கே இருக்கிறது என்று செய்தி எழுதியவரும் கேட்கவில்லை, அச்சடித்தவரும் கேட்கவில்லை. வார்டு மெம்பர் அனூப் மட்டும் நேராக அஜேஷ் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, பேப்பர்ல நம்ம ஊருப் பேரு கிடக்கே. இது எங்க இருக்கு?"

அஜேஷ் செய்தியைப் படித்தான். எடுக்க மறந்த வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு கையால் அடுக்களைக்குப் பின்பக்கம் காட்டினான்.

அனூப் எட்டிப் பார்த்துவிட்டு வந்து பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "எதுவானா என்ன? ஃபஸ்ட் இல்லியா?" என்றான். மறுநாள் காலையில் ஜங்ஷனில் பிளெக்ஸ் போர்டு நின்றது. அகில இந்திய அளவில் முதலிடம் பெற்ற திருப்புறத்துக்கு வாழ்த்துகள் என்று பெரிய எழுத்து. நடுவில் அஜேஷின் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த படம், பக்கத்தில் அனூப் அதைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கைகூப்பிக்கொண்டு நின்றான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸானாலும் பிளெக்ஸ், பாலத்துக்கு வெள்ளை அடித்தாலும் பிளெக்ஸ் என்று வாழ்கிற ஊர். எதற்கு முதலிடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. டீக்கடையில் அஜேஷுக்கு அன்று ஒரு பழம்பொரி கூடுதலாகக் கிடைத்தது.

அதற்குப் பிறகு இடிக்கிற பேச்சை எடுக்க முடியவில்லை. இந்தியாவிலேயே முதலிடம் பெற்ற புரையில் எப்படிக் கடப்பாறை வைப்பது? சுமி ஒருமுறை கேட்டபோது, "இப்போ இடிச்சா நாட்டுக்காரனுவ என்ன சொல்லுவானுவ?" என்றான். எடவப்பாதி மழை சொன்னபடி வந்தது. ஈரமான ஷீட்டுகள் குவிந்தன. சுமி வாயில் தோர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு புரைக்குள் போனாள், வந்தாள், அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். கன்சல்டன்சிக்குப் போகிற ரயிலைப் பிடிக்க அஜேஷ் குடையோடு ஓடினான்.

ஆனால் நாற்பது நிலையங்களும் சும்மா இருக்குமா? திருப்புறம் மேலே ஏறியதால் எல்லாருக்கும் மதிப்பெண் குறைந்திருந்தது. அதில் வழக்கமாக முதலிடம் வாங்கி, அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிவந்த ஒரு நிலையத்துக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. நாங்கள் யாரிடம் தோற்றோம் என்று நேரில் பார்க்கவேண்டும் என்று கடிதம் போட்டு, ஆதித்யன் என்கிற தங்கள் சுற்றுச்சூழல் அதிகாரியை அனுப்பிவைத்தது.

ஜெயசிங்குக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அஜேஷைக் கூப்பிட்டு அவர் திட்டவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "தீ நல்லா எரியுமா?"

"எரியும் சார்."

"அப்போ எரிய விடு. நின்னுபோன யூனிட்டுக்கு ஃபஸ்ட் குடுத்தோம்னு வரக்கூடாது."

ஒரு சனிக்கிழமை முற்பகலில் ஜெயசிங்கும் ஆதித்யனும் காரில் வந்து இறங்கினார்கள். மழை விட்டிருந்தது. சுமி காலையிலேயே தொண்டு மூட்டிவிட்டிருந்தாள், புரையின் ஓட்டிடுக்குகளில் புகை கசிந்துகொண்டிருந்தது. நல்ல சட்டை போட்டு நின்ற பொன்னப்பன், வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஆதித்யன் புகைப்புரையை முன்னாலிருந்து பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், திரும்ப முன்னால் வந்தார்.

"இதுதானா சார்?" என்று கேட்டார்.

"இதுதான்" என்றார் ஜெயசிங். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

ஆதித்யன் சிரிக்கவில்லை. பையிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு கருவியை எடுத்தார். "புகைன்னு இருக்கிற கட்டத்துல சைபர் போட்டிருக்கீங்க. நான் அளந்துட்டுப் போயிடறேன். வேலை செய்யறவங்க நிக்கிற இடத்துல பிடிக்கணும். உள்ளே யாராவது இதைக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் நிக்கணும்."

சுமி பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள். "தாங்க. நான் நிக்கேன்." சொன்ன உடனே இருமல் வந்தது. கையை வாய்க்குக் கொண்டுபோனாள். ஆதித்யன் கருவியைக் கொடுக்காமல் பின்னால் இழுத்துக்கொண்டு அஜேஷைப் பார்த்தார்.

"இவங்க வேண்டாம். நீங்க போங்க சார். நீங்கதானே கணக்குப் போட்டது."

அஜேஷ் கருவியை வாங்கிக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்தான். கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

கடைசியாக அவன் அதற்குள் எரிகிற தீயோடு நின்றது எப்போது என்று அவனுக்கே நினைவில்லை. முதல் மூச்சிலேயே தொண்டை அடைத்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை, தலைக்கு மேலே தொங்கிய ஷீட்டுகள் ஈரமாகக் கன்னத்தில் ஒட்டின. கருவியில் எண்கள் ஓடுவது மங்கலாகத் தெரிந்தது, என்ன எண் என்று தெரியவில்லை. நிற்கவேண்டும் என்று நினைத்தான். சுமி தினமும் காலையும் மாலையும் இங்கே வந்து, ஒவ்வொரு ஷீட்டாகத் திருப்பிப் போடுகிறாள் என்பது அப்போதுதான் அவன் புத்தியில் உறைத்தது. இத்தனை நாளும் அவன் அதை ஒரு வேலை என்றே நினைத்திருந்தான். பயமாக இருந்தது. தன்னை நினைத்து அல்ல, அவளை நினைத்து. மார்பு இழுத்துப் பிடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு முற்றத்தில் வந்து முட்டுக்குத்தி விழுந்தான்.

"ரீடிங் என்ன?" என்று ஜெயசிங் ஓடிவந்து கேட்டார்.

அஜேஷ் இருமிக்கொண்டே தலையை ஆட்டினான். கருவி உள்ளே தீயில் விழுந்துவிட்டிருந்தது. "பாக்கல்ல சார்."

ஜெயசிங் நிம்மதியாக மூச்சு விட்டார். "அளவு கிடைக்கல்ல. அப்போ நம்ம விதிப்படி சைபர்தான். ரிப்போர்ட்டு சரியாத்தான் இருக்கு."

சுமி ஓடிவந்து அஜேஷின் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். இடுப்பில் செருகியிருந்த இன்ஹேலரை எடுத்து அவன் வாயில் வைத்தாள். "இழுத்துப் பிடிங்க. உடனே விடாண்டாம். பைய விடுங்க." அவளுக்கு அதெல்லாம் பழகியிருந்தது. அவன் சொன்னபடி செய்தான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.

அவன் எழுந்து உட்கார்ந்த பிறகு ஆதித்யன் ஜெயசிங்கை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினார். திருப்புறத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் போதும், எங்கள் நிலையம் பழையபடி முதலிடத்துக்கு வந்துவிடும், கருவி போனதைப் பற்றியும் நாங்கள் கேட்கமாட்டோம் என்றார். இதைவிடச் சுற்றுச்சூழலுக்கு உகந்த ஒப்பந்தம் இருக்கமுடியாது. ஜெயசிங் காரின் பானட்டில் லேப்டாப்பை விரித்து, நாற்பத்தோராவது வரியில் விரலை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். நாற்பது நிலையங்களும் அவரவர் இடத்துக்குப் பத்திரமாகத் திரும்பின. எவருடைய புகைபோக்கியிலும் ஒரு துளிப் புகை குறையவில்லை. எல்லாருக்கும் மனம் குளிர்ந்தது, கார் கிளம்பிப் போனது.

"என்ன செய்தாவ அவிய?" என்று சுமி கேட்டாள்.

"புகைப்புரையை எடுத்தாச்சு. கணக்குல இருந்து."

"அவ்வளவு எளுப்பமா?"

"ஆமா. ஒரு தட்டு."

சுமி புரையைப் பார்த்தாள். அது அப்படியே புகைந்துகொண்டு நின்றது. "அங்க எடுத்தாச்சுல்லா. இனி இங்கயும் எடுங்க" என்றாள்.

ஆராய்ந்து பார்க்கிறேன் என்று அஜேஷ் இந்த முறை சொல்லவில்லை. கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து தீயில் ஊற்றினான். ஏணியைச் சாத்தி, போட்டிருந்த நல்ல சட்டையோடேயே மேலே ஏறினான். பொன்னப்பன் கீழே வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். "ஓட்டை உடைக்காண்டாம்லே. பைய இறக்கு. கக்கூஸுக்கு ஆகும்."

முதல் ஓட்டைக் கழற்றியதும் உள்ளே அடைந்து கிடந்த புகை நேராக மேலே போனது. பல வருஷத்துக் கரி அவன் தலையிலும் சட்டையிலும் கொட்டியது. அந்த நேரம் பார்த்து அனூப் வேலியோரமாக ஓடிவந்தான்.

"அண்ணே, என்ன பண்ணுதியோ? பிளெக்ஸ் இன்னும் ஜங்ஷன்ல நிக்கு."

"நிக்கட்டு. அது புகையாதுல்லா" என்றாள் சுமி.

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்தது. நீளமான இருமல். அஜேஷ் கையிலிருந்த ஓட்டைக் கைமரத்தின் மேல் வைத்துவிட்டு, அது நிற்கும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.